9 நாள்ல 5 ஊரா?

கேள்வி: வணக்கம் சார். கோயம்புத்தூர்ல ஒரு பேங்க்ல வேல பாக்கறேன், வயசு 29. படம் வரைவேன், அப்பப்ப சிறுகதையும் எழுதுவேன். போன வருஷம் தாய்லாந்து போய் 2,000 ஃபோட்டோ எடுத்துட்டு வந்தேன், ஆனா ஒரு வரி எழுத வரல, ஒரு படமும் வரல, ஒருத்தரும் ஃப்ரெண்டாகல. இந்த அக்டோபர்ல தனியா வியட்நாம் போறேன், 9 நாள், ஹனோய், ஹாலோங் பே, டா நாங், ஹோய் ஆன், சைகான். மொழி தெரியாத ஊர்ல ஃப்ரெண்ட்ஸ் பிடிக்க எந்த ஆப் நல்லது? இன்ஸ்பிரேஷனுக்கு எந்த இடம் பெஸ்ட்? (பெயர் போட வேண்டாம், கோவை)

பதில்: முதல்ல அந்த லிஸ்ட்ல இருந்து மூணு ஊர அடிங்க. நாலு அடிச்சா இன்னும் சந்தோஷம்.

கோபப்படாதீங்க, கணக்கு பாருங்க. ஹனோய்ல இருந்து சைகான் வரைக்கும் ரயில் பாதையே 1,726 கிலோமீட்டர். ஃப்ளைட்லதான் போவீங்க, சரி, ஆனா பெட்டி கட்டி, ரூம் காலி பண்ணி, ஏர்போர்ட்லயோ பஸ்லயோ காத்திருந்து, அடுத்த ஊர்ல ரூம் தேடி, குளிச்சு, வெளிய வரும்போது பாதி நாள் போயிருக்கும், இப்படி நாலு தடவ. மிச்சம் இருக்கற நாள்ல நீங்க யாரப் பாத்தாலும் ஒரே ஒரு தடவதான் பாப்பீங்க. உங்கள ரெண்டாவது தடவ பாக்கற ஒரே ஆள் ஹோட்டல் ரிசப்ஷன்ல நிக்கற பையன். தாய்லாந்துல நடந்ததும் இதுதான்னு நெனைக்கறேன். உங்க கைல குறை இல்ல, 2,000 ஃபோட்டோ எடுத்திருக்கீங்க, அதுல எதையாவது ரெண்டாவது தடவ போய்ப் பாத்தீங்களா?

நான் சொல்ல வர்றது அவ்ளோதான். பழக்கம் ரெண்டாவது நாள்லதான் ஆரம்பிக்கும், படமும் கதையும் ரெண்டாவது பார்வைலதான் வரும். இதுக்கு நான் அடிக்கடி நெனச்சுப் பாக்கற ஒரு சம்பவம் இருக்கு. 1924, தாகூருக்கு அப்ப 63 வயசு, பெரு நாட்டுல ஒரு விழாவுக்குப் போக கப்பல் ஏறினார், வழியிலேயே காய்ச்சல், அர்ஜென்டினால இறங்கிப் படுத்துட்டார், டாக்டர் இனிமே பயணம் கூடாதுன்னுட்டார். அவர் எழுத்த பிரெஞ்சு மொழிபெயர்ப்புல படிச்சு உருகியிருந்த விக்டோரியா ஒகாம்போங்கற 34 வயசுப் பெண் வந்து, ஊருக்கு வெளிய ஆத்தோரமா ஒரு வீட்ட ஏற்பாடு பண்ணி அவர அங்க தங்க வச்சாங்க. பெரு போகவே இல்ல, கிட்டத்தட்ட 2 மாசம் அந்த ஒரே வீடு, ஒரே பால்கனி, ஒரே ஆறு. அவர் கவிதை எழுதும்போது அடிச்ச வரிகளெல்லாம் கோடும் கிறுக்கலுமா ஏதேதோ உருவமா மாறிட்டு இருந்தத ஒகாம்போ கவனிச்சாங்க, இது ஓவியம்னு சொன்னாங்க. 1930 மே மாசம் பாரிஸ்ல தாகூரோட முதல் ஓவியக் கண்காட்சி நடந்ததே அவங்க ஓடியாடி ஏற்பாடு பண்ணினதாலதான். அவங்க ரெண்டு பேரும் வாழ்க்கைல நேர்ல சந்திச்சது இந்த ரெண்டே தடவ. அர்ஜென்டினால எழுதின கவிதைங்க சேர்ந்த பூரபி தொகுப்ப தாகூர் அவங்களுக்குத்தான் சமர்ப்பணம் பண்ணினார், விஜயானு தான் வச்ச பேர்ல.

அந்தக் காய்ச்சல் வராம இருந்திருந்தா அவர் பெரு போய், விழால பேசி, மாலை வாங்கிட்டு அடுத்த கப்பல் ஏறியிருப்பார். உங்களுக்குக் காய்ச்சல் வரணும்னு சொல்லல, அவரக் காய்ச்சல் உக்கார வச்சது, நீங்களா உக்காருங்கன்னு சொல்றேன். இன்னொண்ணு, மொழி தெரியாதேங்கற கவல. தாகூர் முன்னாடி நின்னா பேச்சே வராம கூச்சமா இருக்கும்னு ஒகாம்போ பின்னால எழுதியிருக்காங்க. அவங்களுக்கே அப்படின்னா உங்களுக்கும் எனக்கும் இருக்கறதுல என்ன ஆச்சரியம்.

சரி, வியட்நாமுக்கு வருவோம். சில வருஷம் முன்னாடி நான் ஹனோய்ல ஒரு வாரம் இருந்தேன். முதல் நாள் சாயந்தரம் ஹோவான் கியெம் ஏரிக்கரை, அங்க வெள்ளிக்கிழமை சாயந்தரத்துல இருந்து ஞாயிறு ராத்திரி வரைக்கும் வண்டிய நிறுத்திட்டு ரோட்ட நடக்கறவங்களுக்கு விட்டுடுவாங்க, காலேஜ் பிள்ளைங்களும் ஸ்கூல் பிள்ளைங்களும் கைல நோட்டோட வந்து உங்ககூட பத்து நிமிஷம் இங்கிலீஷ் பேசிப் பழகலாமானு கேப்பாங்க. என்கிட்டயும் ஒரு பையன் வந்து கேட்டான். ஏமாத்தறானோன்னு நெனச்சு தலையாட்டி நகந்துட்டேன். அவன் சாரின்னு சொல்லிட்டுப் போனான். ரெண்டு நாள் கழிச்சுதான் அந்த ஊர்ல அது வழக்கம்னு தெரிஞ்சுது, அந்த முகம் இன்னிக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு. நீங்க அத செய்யாதீங்க. அந்தப் பிள்ளைங்களுக்கு உங்ககிட்ட இருந்து வேண்டியது ஒண்ணு இருக்கு, உங்களுக்கு அவங்ககிட்ட இருந்து வேண்டியது ஒண்ணு இருக்கு, இதவிட நேர்மையான அறிமுகம் எந்த ஆப்லயும் கிடையாது. (ஆனா யாராவது ஏரிக்கரைல இருந்து எழுப்பி ஒரு குறிப்பிட்ட கடைக்குக் கூட்டிட்டுப் போனா விலை என்னன்னு கேக்காம உக்காராதீங்க, இது எந்த நாட்டுக்கும் பொருந்தும். தனியா போறீங்க, பழகறதெல்லாம் பகல்ல, நாலு பேர் நடமாடற இடத்துல.)

அடுத்து டீக்கடை. ஹனோய் பிளாட்ஃபார்ம்ல முழங்கால் உயரம் கூட இல்லாத பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு ஐஸ் போட்ட பச்ச டீ விப்பாங்க, ட்ரா டா-னு பேரு. என் ரூம் இருந்த தெருமுனைல ஒரு அம்மா வச்சிருந்தாங்க, தெனம் காலைல ஏழு மணிக்குப் போய் அதே ஸ்டூல்ல உக்காந்தேன். முதல் நாள் டீ குடுத்தாங்க, காசு வாங்கினாங்க. ரெண்டாவது நாள் சிரிச்சாங்க. மூணாவது நாள் பக்கத்துல செருப்புக் கடை வச்சிருந்த பொண்ணு மூலமா ஒரு கேள்வி கேட்டாங்க, என் வயசு என்னன்னு.

இந்த இடத்த நல்லா கவனிங்க, ஏன்னா உங்களையும் கேப்பாங்க, அதுவும் சீக்கிரமே கேப்பாங்க. வியட்நாம் மொழியில எல்லாருக்கும் பொதுவா ஒரு நீ, ஒரு நான் வச்சுப் பேசற பழக்கம் கிடையாது, எதிர்ல இருக்கறவர் உங்களுக்கு அண்ணனா, அக்காவா, தம்பி தங்கச்சியா, சித்தப்பாவா, பாட்டியானு முடிவு பண்ணினாத்தான் வாக்கியமே வரும், அக்கா ஸ்தானத்துல இருக்கறவங்க சி, சின்னவங்க எம், அதையும் தாண்டி, அக்காகிட்ட பேசும்போது உங்களயே நீங்க எம்னுதான் சொல்லிக்கணும், அதாவது நான்ங்கறதுக்குப் பதிலா தங்கச்சி. ஒரு இங்கிலீஷ்காரருக்கு இது தலைவலி. பஸ்ல கண்டக்டர அண்ணானு கூப்பிட்டு, காய்கறிக்காரம்மாவ அக்கானு கூப்பிட்டு வளந்த உங்களுக்கு என்ன கஷ்டம்? நான் விரல்ல 53னு காட்டினேன், அந்தம்மா 58னு காட்டினாங்க, அதுக்கப்புறம் எம்னுதான் கூப்பிட்டாங்க. ஊர்ல என்னத் தம்பினு கூப்பிட ஆள் இல்லாமப் போய் ரொம்ப வருஷம் ஆச்சு. அன்னிக்கு ரூமுக்கு வந்து எழுத ஆரம்பிச்சேன், எட்டுப் பக்கம் போச்சு.

அதே வாரம்தான் லோங் பியென் பாலமும். பிரெஞ்சுக்காரங்க காலத்துல சிவப்பு ஆத்து மேல கட்டின இரும்புப் பாலம், நடுவுல ரயில், ரெண்டு பக்கமும் சைக்கிளும் மோட்டார் பைக்கும். முதல் தடவ நடந்தப்ப நோட்டுல நான் எழுதினது துருப்பிடிச்ச பழைய பாலம், அவ்ளோதான், எந்தப் பழைய பாலத்துக்கும் எழுதலாம். மூணாவது தடவ போனப்பதான் கண்ணுல பட்டுது, இரும்புச் சட்டம் மேல ஏறிக் கீழ இறங்கி அலை மாதிரி போய்ட்டே இருந்து, திடீர்னு ஒரு நீளத்துக்குத் தட்டையாயிடுது, அப்புறம் மறுபடி அலை. ஏன்னு டீக்கடைல கேட்டேன், அந்தம்மா வானத்தக் காட்டி, கையால கீழ விழற மாதிரி காட்டினாங்க. 1967லயும் 1972லயும் அமெரிக்க விமானங்க குண்டு போட்டு உடைச்சது, உடைஞ்ச இடத்துல கைக்குக் கிடைச்ச மாதிரி ஒட்டுப் போட்டுப் பாலத்த மறுபடி ஓட விட்டிருக்காங்க. நீங்க வரையறவங்க, அந்தக் கோட்ட உங்க பென்சில் முதல் அரை மணி நேரத்துலயே கண்டுபிடிச்சிருக்கும், எனக்கு மூணு நடை ஆச்சு. ஃபோட்டோ எடுக்க ஒரு செகண்ட்தான், அதனாலதான் அதுல கேள்வி பிறக்கறதில்ல.

அதனால என் யோசனை: ஹனோய் 6 நாள், ஹோய் ஆன் 3 நாள். ஹாலோங் பே அழகுதான், மறுக்கல, ஆனா படகுல கூட வர்றவங்களும் உங்கள மாதிரி ஒரு நாள் விருந்தாளிங்க. சைகான்ல தமிழ் வணிகர்கள் கட்டின மாரியம்மன் கோயில் இருக்கு, வியட்நாம்காரங்களே வரிசைல நின்னு கும்பிடுவாங்க, அது பாக்கணும்னு ஆசையா இருக்கும், அடுத்த தடவ வச்சுக்கோங்க. ஹனோய்ல ஒரு நாள மட்டும் 35 கிலோமீட்டர் கிட்ட இருக்கற டோங் ஹோ கிராமத்துக்கு ஒதுக்குங்க. மரக்கட்டைல செதுக்கி அச்சடிக்கற படங்க, புத்தாண்டுக்கு வீட்டுச் சுவத்துல ஒட்டறது, பன்னி, கோழி, எலிக் கல்யாணம் இதெல்லாம். மரப்பட்டைக் காகிதத்து மேல கிளிஞ்சலப் பொடிச்சுப் பூசுவாங்க, அதனாலதான் அந்த மினுமினுப்பு, கருப்புக்கு மூங்கில் இல சுட்ட கரி. இன்னிக்கு விரல் விட்டு எண்ணற குடும்பங்கதான் செய்யறாங்க. உங்க ஸ்கெட்ச் புக்க எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க, நீங்க கேக்கறதுக்கு முன்னாடி அவங்க உங்க படத்தப் பாக்கட்டும். ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரர் கையத்தான் முதல்ல பாப்பார், அதுக்கு மொழி வேண்டாம்.

ஆப் பேரு கேட்டீங்க, சொல்லல. ஒண்ணு மட்டும் கிளம்பறதுக்கு முன்னாடியே செய்யுங்க. அர்பன் ஸ்கெச்சர்ஸ்னு ஒரு குழு, 2007ல சியாட்டில் பத்திரிகை ஓவியர் கேப்ரியேல் கம்பனாரியோ ஆரம்பிச்சது, இப்ப உலகம் முழுக்க ஊர் ஊரா இருக்கு, நேர்ல உக்காந்து பாத்து வரையணும்ங்கறதுதான் அவங்க விதி. ஹனோய்லயும் இருக்காங்க. நான் இந்தத் தேதில வர்றேன், உங்ககூட உக்காந்து வரையலாமானு ரெண்டு வரி எழுதுங்க. கூட உக்காந்து ரெண்டு மணி நேரம் ஒரே தெருவ வரஞ்சவங்ககிட்ட என்ன பேசறதுன்னு யோசிக்க வேண்டியதில்ல, ரெண்டு நோட்டையும் திருப்பிக் காட்டினாப் போதும்.

டிக்கெட்ட இன்னிக்கே மாத்துங்க, நாள் தள்ளத் தள்ளக் கட்டணம் ஏறும். திரும்பி வந்ததும் எனக்கு எழுதுங்க, ஃபோட்டோ அனுப்ப வேண்டாம். அந்தப் பாலத்தோட தட்டையான பகுதிய வரஞ்ச பக்கத்த அனுப்புங்க, அப்புறம் டீக்கடைல உங்கள சி-னு கூப்பிட்டாங்களா எம்னு கூப்பிட்டாங்களானு சொல்லுங்க.