சாட்டிலைட் படத்தை வச்சு வெள்ளத்துல எத்தனை பேர் பாதிக்கப்பட்டாங்கன்னு சரியா சொல்ல முடியுமா?

நியூஸ்ல ஏதோ மேப் பாத்துட்டு, இவ்ளோ பேருன்னு எப்படி எண்ணுனாங்கன்னு தான் கேக்குறீங்கன்னு நினைக்கிறேன். யாரும் எண்ணல. தண்ணி நிக்கிற மேப்பையும் மக்கள்தொகை கிரிட்டையும் (ஊர சின்னச் சின்ன கட்டமா பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் சுமார் எத்தனை பேர்னு போட்ட மேப்) ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, நனைஞ்ச கட்டங்கள்ல இருக்குற ஆளுங்கள கூட்டுறது, அவ்ளோதான்.

வெள்ள நேரத்துல வானம் பூரா மேகம், அதனால சாதாரண கேமரா சாட்டிலைட் உதவாது, ரேடார் தான். அது தானே சிக்னல் அனுப்பி, தரையில பட்டு திரும்பி வர்றத வச்சு படம் எடுக்கும், மேகம் தடுக்காது. ஐரோப்பாவோட சென்டினல்-1, 2014ல மேல போனது, டேட்டா ஃப்ரீ. அமைதியா நிக்கிற தண்ணி கண்ணாடி மாதிரி சிக்னல அந்தப் பக்கம் தள்ளிவிட்டுரும், படத்துல கருப்பா விழும். வெள்ளத்துக்கு முந்தின படத்தோட ஒப்பிட்டு, எப்பவும் தண்ணி இருக்குற ஏரி ஆறெல்லாம் கழிச்சா மிச்சம் தான் வெள்ளம். வெட்டவெளியில அருமையா வேலை செய்யும்.

ஊருக்குள்ள அப்படி இல்ல. தெருவுல தண்ணி நின்னா சிக்னல் தண்ணியில பட்டு சுவத்துல பட்டு நேரா சாட்டிலைட்டுக்கே திரும்பிடும், கருப்பாகுறதுக்குப் பதிலா இன்னும் பளிச்சுன்னு ஆகும். நான் செஞ்ச ஒரு மேப்ல சுத்தி வயலெல்லாம் கருப்பு, நடுவுல டவுன் மட்டும் வெள்ளை, ஆனா அதே நாள் அங்கருந்து வந்த போட்டோல ஜன்னல் கம்பி பாதி வரைக்கும் தண்ணி. அதனால டவுன் மேல சாய்கோடு போட்டு "ரேடாரால சொல்ல முடியாத பகுதி"ன்னு எழுதிக் குடுத்தேன். மேல இருந்தவங்க கோடு குழப்புதுன்னு எடுத்துட்டு வெளியிட்டாங்க. அந்த டவுன் ஜனம் மொத்தமும் கணக்குல சைபர். இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது.

கோஹிரன்ஸ் (வெள்ளத்துக்கு முன்னாடியும் அப்புறமும் வந்த ரேடார் சிக்னல் எவ்ளோ ஒத்துப்போகுதுன்னு பாக்குற முறை) வச்சா டவுன்லயும் பிடிக்கலாமேன்னு கமெண்ட்ல வருவாங்க. பிடிக்கலாம், நானும் செஞ்சிருக்கேன், ஆனா அவசரத்துல வர்ற பாதி மேப்ல அத யாரும் செய்றதில்ல. சாட்டிலைட்டே வேஸ்ட்டுன்னு நான் சொல்லல, போட் எந்தப் பக்கம் போகணும்னு முடிவெடுக்க இத விட்டா வேற வழியே இல்லாத இடங்கள் இருக்கு.

இன்னொண்ணு, ஒரு சாட்டிலைட் அதே பாதைக்குத் திரும்பி வர 12 நாள். தண்ணி உச்சத்துல இருந்த ராத்திரி அது வேற எங்கயாவது இருந்திருக்கும். மக்கள்தொகை கிரிட்டும் சென்சஸ பரப்பிப் போட்டது தான், சென்சஸ் பழசுன்னா அப்புறம் ஆத்தோரம் குடிசை போட்டவங்க அதுல இருக்கவே மாட்டாங்க. வீடு நனையாம ரோடு மட்டும் அறுந்து மாட்டிக்கிட்டவங்களும் வர மாட்டாங்க.

கேள்விக்கு சம்பந்தம் இல்லாட்டியும் சொல்லிடறேன், மேப் வெளியிடுறவங்களே, இந்த மேப்ப பிடிஎஃப்பா மட்டும் அனுப்புறத தயவுசெஞ்சு நிறுத்துங்க. கீழ வேலை செய்றவன் ராத்திரி உக்காந்து அத திரும்ப கையால வரையுறான், ஷேப்ஃபைல் (மேப் சாஃப்ட்வேர்ல நேரா திறக்குற ஒரிஜினல் மேப் ஃபைல்) உங்ககிட்ட தான இருக்கு, அதையும் சேத்து அனுப்புனா என்ன?