சல்லடையின் ஓட்டைகள்

அன்புள்ள ஐயா,

போன வாரக் கட்டுரையில் அமெரிக்க அதிபராக இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை ‘ஏழைகளுக்காக ஆண்ட பணக்காரர்’ என்று எழுதியிருந்தீர்கள். நண்பர் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, “வெள்ளைக்கார ஏழைகளுக்காக என்று சேர்த்துப் படி” என்றார். கறுப்பினத்தவரை அவர் கைவிட்டது உண்மையென்றால், அவர்கள் ஏன் அவருக்கே ஓட்டுப் போட்டார்கள்? குழப்பமாக இருக்கிறது.

கே., மதுரை

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர் சொன்னதில் பாதிக்கு மேல் சரி. அந்த வரி நான் அவசரத்தில் எழுதியது.

1935இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களுக்கு ஓய்வூதியம், வேலை போனவர்களுக்கு உதவித்தொகை. சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. விவசாயக் கூலிகளுக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் இவை பொருந்தாது, அவ்வளவுதான். ஆனால் அன்றைய தென் மாநிலங்களில் கறுப்பின ஆண்களில் மிகப் பலர் பருத்திக் காட்டில் இருந்தார்கள். வேலைக்குப் போன பெண்களோ பெரும்பாலும் காட்டில் அல்லது வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறையில். மசோதா செனட் குழுவின் முன் இருந்தபோது, சார்லஸ் ஹூஸ்டன் என்ற கறுப்பின வழக்கறிஞர் சாட்சி சொல்லப் போனார். இது ஒரு சல்லடை, கறுப்பர்களில் பெரும்பாலோர் கீழே விழுகிற அளவுக்குப் பார்த்து ஓட்டை போட்டிருக்கிறீர்கள் என்றார்.

கூலிகளிடமும் வேலைக்காரர்களிடமும் இந்தத் திட்டத்துக்கான வரியை வசூலிப்பது கஷ்டம் என்று கருவூலத் துறை காரணம் சொன்னது. விடுபட்டவர்களை எண்ணினால் வெள்ளையர்தான் அதிகம். இதை வைத்து, அந்த விதியில் நிறவெறி இல்லை என்று வாதாடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. நோக்கத்தைத் தோண்டுவதில் எனக்கு அக்கறை இல்லை. யார் இலையில் சோறு விழவில்லை என்பதுதான் எனக்குக் கேள்வி.

பருத்தியிலும் இதே கதை. விலை சரிந்ததால், பயிரைக் குறைத்தால் பணம் தருகிறோம் என்றது அரசு. பணம் நிலக்காரர் கைக்குப் போனது. உழுவதற்கு நிலம் குறைந்ததும், விளைச்சலில் பங்குக்கு உழுத வாரக்காரர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். 1934இல் ஆர்கன்சா மாநிலத்தின் டைரான்சாவில் வெள்ளை வாரக்காரர்களும் கறுப்பு வாரக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து சங்கம் ஆரம்பித்தார்கள். அந்த ஊர்களில் அது சின்ன விஷயமல்ல.

ரூஸ்வெல்ட் ஏன் பேசாமல் இருந்தார்? தெற்கில் கறுப்பர்கள் ஓட்டுப் போடவே முடியாது. தலைவரி, எழுத்தறிவுச் சோதனை என்று வழி நெடுக முள் போட்டிருந்தார்கள். அதனால் அங்கே ஜெயித்த, ரூஸ்வெல்ட்டின் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த வெள்ளையர்கள் திரும்பத் திரும்ப ஜெயித்தார்கள். மூப்பின் அடிப்படையில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் குழுத் தலைவர் பதவிகளும் அவர்களுக்கே. கும்பல் கொலைகளுக்கு எதிரான மசோதாவை ஆதரிக்கும்படி, கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய என்ஏஏசிபி அமைப்பின் வால்டர் வைட் நேரிலேயே போய்க் கேட்டார். அதை ஆதரித்தால் என் எல்லா மசோதாக்களையும் அந்தத் தெற்கத்திக்காரர்கள் முடக்கிவிடுவார்கள் என்றார் ரூஸ்வெல்ட். கணக்கு சரிதான். அந்தக் கணக்கில் செலவு எழுதப்பட்டது யார் பெயரில் என்பதுதான் விஷயம்.

சரி, ஓட்டுக்கு வருவோம். அடிமைத்தளையை அறுத்த லிங்கனின் கட்சி என்பதால் குடியரசுக் கட்சிக்கே கறுப்பினத்தவர் பரம்பரையாக வாக்களித்து வந்தார்கள். 1932இலும் பெரும்பாலோர் அப்படித்தான். அந்த வருஷமே கறுப்பினத்தவர் பத்திரிகையான ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ ஆசிரியர் ராபர்ட் வான், லிங்கன் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள், அந்தக் கடன் அடைந்துவிட்டது என்று பேசினார். 1936இல் அது நடந்தது, கறுப்பினத்தவர் ஓட்டு ரூஸ்வெல்ட் பக்கம் திரும்பியது. காரணம் எளிது: அரசின் நிவாரண வேலையில், பாகுபாடு இருந்தாலும், சம்பளம் வந்தது. பசித்த வீட்டில் அரை வயிற்றுக் கஞ்சியும் கஞ்சிதான். ஓட்டுப் போட்டார்கள் என்பதற்காகத் திருப்தியாக இருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

அது 1941இல் தெரிந்தது. போர்த் தளவாடத் தொழிற்சாலைகள் ஆள் தேடின, கறுப்பர்களை மட்டும் வாசலிலேயே திருப்பி அனுப்பின. ரயில் தூங்கும் பெட்டிப் பணியாளர் சங்கத் தலைவர் பிலிப் ராண்டால்ஃப், ஜூலை 1 அன்று வாஷிங்டனில் பேரணி என்று அறிவித்தார். ஜூன் 18 அன்று ரூஸ்வெல்ட் அவரையும் வால்டர் வைட்டையும் கூப்பிட்டுப் பேசினார். உண்மையில் எத்தனை பேர் வருவார்கள் என்று வைட்டிடம் கேட்டார். ஒரு லட்சத்துக்குக் குறையாது என்றார் வைட். அது மிரட்டலா நிஜமா என்று ரூஸ்வெல்ட் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒரே வாரம். ஜூன் 25 அன்று, தளவாட வேலைகளில் நிறம் பார்க்கக் கூடாது என்று 8802ஆம் ஆணை வந்தது, பேரணி நிறுத்தப்பட்டது. ராணுவத்தை அந்த ஆணை தொடவில்லை. அதற்கு 1948 வரை, அடுத்த அதிபர் ட்ரூமன் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்புறம், உங்களைப் போல ஒரு வாசகர். 1942 ஜனவரியில் ஜேம்ஸ் தாம்ப்சன் என்ற 26 வயது இளைஞர், கான்சாஸில் ஒரு விமானத் தொழிற்சாலையின் சிற்றுண்டிச் சாலையில் வேலை பார்த்தவர், அதே ‘கூரிய’ருக்குக் கடிதம் எழுதினார். பாதி அமெரிக்கனாக வாழ்வதற்கா நான் உயிரைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். வெளியே போரில் ஒரு வெற்றி, உள்ளே நிறவெறிக்கு எதிராக ஒரு வெற்றி, இரண்டும் வேண்டும் என்றார். கடிதம் வெளியான அடுத்த வாரமே பத்திரிகை, ‘விக்டரி’யின் (வெற்றி) ‘வி’ எழுத்து இரண்டு சேர்ந்த ‘இரட்டை வி’ சின்னத்தை அச்சிட்டது. ஒரு கடிதத்திலிருந்து ஓர் இயக்கமே கிளம்பியது.

என் கட்டுரையில் அந்த வரியை அழிக்கவில்லை. பக்கத்திலேயே உங்கள் நண்பர் சொன்னதைச் சேர்த்திருக்கிறேன். அவரிடம் சொல்லிவிடுங்கள்.