கேமிங் கம்ப்யூட்டருக்கு 16 கோர் தேவையா?

கேள்வி: புதிதாக கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப்போகிறேன். 1440பி, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் கையில் இருக்கிறது. ப்ராசஸராக 8 கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) உள்ள ஏஎம்டி ரைசன் 7 7800எக்ஸ்3டி எடுப்பதா, 16 கோர் உள்ள ரைசன் 9 7950எக்ஸ் எடுப்பதா என்று குழப்பம். கோர் அதிகம் இருந்தால் பல வருஷம் தாங்கும் என்கிறார்கள். ஷூட்டர், ஸ்ட்ரேட்டஜி கேம்கள்தான் அதிகம் ஆடுவேன். எப்போதாவது கொஞ்சம் வீடியோ எடிட்டிங்.

பதில்: 7800எக்ஸ்3டியையே எடுங்கள். தினமும் மணிக்கணக்கில் ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக உருவாக்குவது) போடுகிறவர் என்றால் 7950எக்ஸ் என்று சொல்லியிருப்பேன். கேமில் பெரும்பாலும் அது 7800எக்ஸ்3டிக்குப் பின்னால்தான் நிற்கும்.

வீடியோ ரெண்டரிங்கைத் துண்டு துண்டாகப் பிரித்து, இருக்கிற கோர்களுக்கெல்லாம் கொடுத்துவிடலாம். கேமை அப்படிப் பிரிக்க முடியாது. நீங்கள் மவுஸை அசைத்ததும் கதாபாத்திரம் எங்கே நகர்ந்தது, குண்டு எதில் பட்டது, எதிரி அடுத்து என்ன செய்வான் என்று, ஒன்றின் விடைக்காக இன்னொன்று காத்திருக்கிற கணக்குகளே அதில் அதிகம். அந்தச் சுமை ஒன்றிரண்டு கோரின் தலையில்தான் விழும். 165 ஹெர்ட்ஸில், அதாவது திரை நொடிக்கு 165 முறை மாறும்போது, ஒரு ஃபிரேமுக்கு (ஒரு படத்துக்கு) கிடைக்கும் நேரம் சுமார் 6 மில்லிசெகண்ட். அதற்குள் அந்தக் கோர் முடித்துக் கொடுக்காவிட்டால், பக்கத்தில் எத்தனை கோர் இருந்தும் பயனில்லை.

முடிக்கவிடாமல் தடுப்பது பல நேரம் கணக்கின் கஷ்டம் அல்ல, டேட்டாவுக்கான காத்திருப்பு. வேண்டிய டேட்டா எல்3 கேஷிலேயே (ப்ராசஸருக்குள் இருக்கும் வேகமான சிறு நினைவகம்) இருந்தால் 10 நானோசெகண்ட் அளவில் கைக்கு வந்துவிடும். ரேம் வரை போய் எடுத்துவர அதைப்போலப் பல மடங்கு ஆகும். 7800எக்ஸ்3டியில் எல்3 கேஷ் 96 எம்பி. எட்டுக் கோருக்கும் அது பொது. 7950எக்ஸில் 64 எம்பி என்று போட்டிருந்தாலும், இரண்டு சிப்லெட்டில் (ப்ராசஸருக்குள் இருக்கும் தனித்தனிச் சிறு சிப்) 32, 32 ஆகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு சிப்லெட்டின் கோர் இன்னொன்றில் இருக்கும் டேட்டாவைக் கேட்டால் அதற்கும் தாமதம். நூற்றுக்கணக்கான படைகளை ஒரே நேரத்தில் நகர்த்தும் ஸ்ட்ரேட்டஜி கேம்களில் இந்தக் கேஷின் அருமை நன்றாகத் தெரியும். ரிவ்யூ பார்க்கும்போது சராசரி எஃப்பிஎஸ்ஸோடு (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) நிற்காமல் 1% லோ (மிக மெதுவான 1% ஃபிரேம்களின் வேகம்) என்ற எண்ணையும் பாருங்கள். ஆட்டம் திணறுகிறதா என்பதைச் சொல்வது அதுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்களிடம் நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: கிராஃபிக்ஸ் கார்டு எது? ரெசல்யூஷன் கூடக்கூட வேலை கூடுவது கார்டுக்குத்தான். ப்ராசஸருக்குப் பெரிய மாற்றம் இல்லை. 1080பியில் சுமார் 20 லட்சம் பிக்ஸல், 1440பியில் சுமார் 37 லட்சம், 4கேயில் 83 லட்சம். கார்டு நடுத்தரமானதாக இருந்து செட்டிங்ஸை அல்ட்ராவில் வைத்து ஆடினால், ப்ராசஸர் தன் பங்கை முடித்துவிட்டுக் கார்டுக்காகக் காத்திருக்கும். இப்போதுள்ள கம்ப்யூட்டரிலேயே சோதித்துப் பாருங்கள். வழக்கமாக ஆடும் கேமில் ரெசல்யூஷனை மட்டும் குறையுங்கள். எஃப்பிஎஸ் எகிறினால் இழுத்துப் பிடித்திருந்தது கார்டு. அசையாமல் அதே இடத்தில் நின்றால் ப்ராசஸர்.

பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் ரைசன் 5 7600 எடுத்து, மிச்சப் பணத்தைக் கார்டில் போடுங்கள். 6 கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்), 65 வாட்; கூலரும் பெட்டியிலேயே வரும். தயங்காமல் வாங்கலாம்.

பல வருஷம் தாங்க வேண்டும் என்ற கவலைக்கு விடை கோர் எண்ணிக்கையில் இல்லை, சாக்கெட்டில் (மதர்போர்டில் ப்ராசஸரைப் பொருத்தும் இடம்) இருக்கிறது. 2017-ல் வந்த, ஏஎம்4 சாக்கெட் உள்ள பல மதர்போர்டுகளில் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்து 2022-ல் வெளிவந்த 5800எக்ஸ்3டி ப்ராசஸரைப் பொருத்த முடிந்தது. நான் மேலே சொன்ன மூன்றுமே ஏஎம்5 சாக்கெட். அதற்கு 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இன்று 7600 போட்டால் பின்னால் ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

யாராவது இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 ப்ராசஸரை செகண்ட் ஹேண்டில் மலிவாகத் தருகிறேன் என்றால் யோசியுங்கள். அளவுக்கு மீறிய வோல்டேஜால் அவற்றில் பல பழுதாயின. 2024-ல் இன்டெல் தந்த மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள் இயங்கும் அடிப்படை நிரல்) அப்டேட் புதிய சேதத்தைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே கெட்ட சிப்பைச் சரிசெய்யாது.

ரேம் டிடிஆர்5-6000, இரண்டு ஸ்டிக்காக வாங்குங்கள். பயாஸில் எக்ஸ்போவை (ரேமை அதில் குறித்த வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங்) ஆன் செய்தால்தான் அந்த வேகம் வரும். இல்லையென்றால் 4800 போன்ற குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். முதல் தடவை ஆன் செய்யும்போது ரேமைப் பழக்கப்படுத்திக்கொள்ள ஏஎம்5 போர்டுகள் சில நிமிடம் எடுக்கும், அதுவரை திரை கருப்பாகவே இருக்கும். பயந்துபோய் பவரை அணைத்துவிடாதீர்கள்.