ராத்திரி பத்து மணிப் பரோட்டா

கேள்வி: எனக்கு வயது 47. கீழமாசி வீதிப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து காலையில் வெறும் காப்பி, மதியம் வெள்ளரிக்காயும் ஒரு டம்ளர் மோரும்தான். பகல் முழுக்க மன உறுதியோடு இருந்துவிடுகிறேன். ராத்திரி கடையைச் சாத்திவிட்டு வில்லாபுரத்துக்குக் கிளம்பினால், தெற்குவாசல் பரோட்டாக் கடை வாசலில் வண்டி தானாக நின்றுவிடுகிறது. நாலு பரோட்டா, சால்னா, ஒரு ஆம்லெட். சில நாள் திரும்பி விளக்குத்தூண் பக்கம் போய் ஜிகர்தண்டாவும் குடிக்கிறேன். வீட்டில் மனைவி எடுத்து வைத்திருக்கும் இட்லியையும் தின்கிறேன். வெளியே சாப்பிட்டதைச் சொல்வதில்லை. படுக்கும்போது என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது. மனைவி எனக்கு நாக்கு நீளம் என்கிறார். கல்லூரியில் படிக்கும் மகள், இது மனக்கவலையில் சாப்பிடுவது, 'எமோஷனல் ஈட்டிங்' என்கிறாள். நாக்கை அடக்க மனப்பயிற்சி ஏதும் உண்டா? ஆறாயிரம் ரூபாய்க்கு ஹிப்னாடிசம் செய்து சரிப்படுத்துகிறேன் என்கிறார் ஒருவர். போகலாமா? வயிறு முட்டிய பிறகும் ஜிகர்தண்டாவுக்கு மட்டும் எங்கிருந்து இடம் வருகிறது?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர், வில்லாபுரம், மதுரை.

பதில்: நாக்கு, மன உறுதி, வெறுப்பு என்றெல்லாம் விரிவாக எழுதியவர், காலையும் மதியமும் சாப்பிடுவதில்லை என்பதை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் இடிக்கிறது. விடிந்தது முதல் ராத்திரி பத்து மணி வரை, அரிசி மூட்டைக்கும் நல்லெண்ணெய் டின்னுக்கும் வெல்லத்துக்கும் நடுவில் ஒரு மனிதர் பட்டினியாக உட்கார்ந்திருக்கிறார். பத்து மணிக்கு அவர் பரோட்டாக் கடையில் நின்றால் அதில் மனோதத்துவம் என்ன கிடக்கிறது? நிற்காமல் போனால்தான் எனக்கு ஆச்சரியம்.

பட்டினி மனசை என்ன செய்யும் என்று ஆராய்ச்சி செய்தே பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் நடத்தியது. போரில் துப்பாக்கி தூக்க மாட்டோம் என்று மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். எல்லாரும் நல்ல திடகாத்திரம். 24 வாரம் அவர்களுக்கு வழக்கமான சாப்பாட்டில் ஏறக்குறைய பாதிதான் கிடைத்தது: உருளைக்கிழங்கு, டர்னிப் கிழங்கு, ரொட்டி, மக்ரோனி. உடம்பு இளைத்தது, அது எதிர்பார்த்ததுதான். மனசு போன போக்குதான் விசேஷம். அரசியல், புத்தகம், பெண்கள் எல்லாவற்றிலும் அக்கறை போய், எந்நேரமும் சோற்று நினைப்பு. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டைக் கலந்து பிசைந்து மணிக்கணக்கில் இழுத்தவர்கள் உண்டு. கட்டுப்பாட்டைத் தளர்த்தியபின் சிலர் சாப்பிட்ட அளவு மலைக்க வைத்தது. வயிறு வெடிக்கும் அளவு தின்றும் பசி அடங்கவில்லை என்றார்கள்.

கொள்கைக்காகப் போருக்கே போக மறுத்தவர்கள் அவர்கள். மன உறுதியில் நீங்களும் நானும் அவர்கள் பக்கத்தில் நிற்க முடியாது. அவர்களுக்கே அந்தக் கதி.

மறுநாள் காலை நடப்பதையும் பாருங்கள். நேற்றுத் தின்றதற்குத் தண்டனையாக இன்று இன்னும் கடுமையான பட்டினி. அன்று மதியம் யாராவது ஒரு லட்டைக் கையில் திணித்துவிட்டால்? 'போச்சு, இன்றைக்குக் கெட்டுவிட்டது' என்று ராத்திரி இரண்டு பரோட்டா சேர்ந்துவிடும். முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்பதுதானே கணக்கு? 1975-ல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தார்கள். மாணவிகளில் சிலருக்கு மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லார் முன்னாலும் ஐஸ்கிரீமை வைத்து, ருசி பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டைக் கட்டுப்படுத்திக்கொண்டே வாழ்கிறவர்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் கூடுதலாகத் தின்றார்கள். டயட் என்ற வேலி ஒரு இடத்தில் முறிந்ததும் மொத்தத் தோட்டத்தையும் திறந்து விட்டுவிட்டார்கள். உங்கள் வெறுப்பு இந்த வேலியைத்தான் தினமும் திரும்பக் கட்டுகிறது. அது உங்களைத் திருத்துவதாக நீங்கள் நினைக்கிறீர்கள். நாளைய பரோட்டாவுக்கு அதுதான் அச்சாரம் கொடுக்கிறது.

நம் ஊரிலேயே ஒன்று சொல்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கான முதல்வரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கியது மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில். வெறும் வயிற்றில் பாடம் ஏறாது என்று அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது. வெறும் வயிற்றில் கடன் கணக்கும் மொத்த வியாபாரியின் சத்தமும் மட்டும் எப்படி ஏறும்?

சரி, மகள் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை. நாள்பட்ட கவலையில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கும். அது கொழுப்பும் இனிப்பும் உள்ள சாப்பாட்டின் பக்கம் ஆளைத் தள்ளும். எலிகளை வைத்து மேரி டால்மன் குழுவினர் 2003-ல் எழுதியதில், அப்படிப்பட்ட தீனி கிடைத்தால் பதற்றம் கொஞ்சம் தணிகிறது என்று காட்டினார்கள். ஆகவே கவலைக்குச் சாப்பிடுவது கற்பனை இல்லை, ஆறுதல் நிஜமாகவே கிடைக்கிறது. அதைப் பிடுங்கிக்கொண்டு கையில் ஒன்றும் தராமல் விட்டால் ஆள் தாங்க மாட்டார்.

அப்புறம் அந்தப் பரோட்டாக் கடையை யோசித்துப் பாருங்கள். தோசைக்கல்லில் கொத்துச் சத்தம், சால்னா வாளி, ஸ்டூலில் உட்கார்ந்தால் இருபது நிமிஷம். அன்று முழுவதும் உங்களிடம் யாரும் கடன் கேட்காத, பாக்கி கேட்காத, சில்லறை கேட்காத இருபது நிமிஷம் அது ஒன்றாகத்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது. தப்பாக இருந்தால் எழுதுங்கள். சரியென்றால், பரோட்டாவைக் குறைப்பதற்கு முன்னால் அந்த இருபது நிமிஷத்தை வேறு எங்காவது வைக்க வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பையனைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு ஒரு டீயும் சுண்டலுமாக வெளியே போய் வாருங்கள். கடை ஓடிப் போய்விடாது.

இதில் மகள் விட்ட பாதி எது என்றால், பசி முதலில், கவலை அதற்கு அப்புறம். பசியோடு இருப்பவருக்கு எல்லாக் கவலையும் பெரிதாகத் தெரியும். காலை நாலு இட்லி சாப்பிட்டு, மதியம் சோறு, காய், பருப்பு அல்லது முட்டை என்று சாதாரணமாக ஒரு சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, அதன் பிறகும் வண்டி தெற்குவாசலில் நின்றால், அப்போது மனசைப் பற்றிப் பேசலாம். கொஞ்ச நாள் நிற்கத்தான் செய்யும். கிரெலின் என்ற பசி ஹார்மோன் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தை ஒட்டியே ஏறுகிறது. பத்து மணியை நீங்கள் அதற்குப் பழக்கி வைத்திருக்கிறீர்கள். நின்றால் இரண்டு தின்றுவிட்டுப் போங்கள். மறுநாள் காலை இட்லியை மட்டும் வெட்டாதீர்கள்.

ஜிகர்தண்டாவுக்கு இடம் வருவது எளிதான விஷயம். ஒரே ருசியைத் தின்னத் தின்ன அந்த ருசி மட்டும் அலுத்துப்போகிறது, மற்ற ருசிகள் அலுப்பதில்லை. பார்பரா ரோல்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1980-களின் தொடக்கத்தில் இதை விளக்கினார். காரமும் எண்ணெயுமாக வாய் சலித்த நேரத்தில் சில்லென்று பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம் என்றால் வாய்க்கு அது புதுச் சாப்பாடு. மதுரைக்காரர்கள் ஆராய்ச்சி செய்யாமலே இதைக் கண்டுபிடித்து வியாபாரம் பார்த்துவிட்டார்கள்.

இட்லி விஷயம் தான் எனக்குக் கோபம் வரவழைத்தது. நாலு பரோட்டா தின்றுவிட்டு வந்து, சொல்லாமல், மறுபடி இட்லி! இதில் பசியும் இல்லை, நாக்கும் இல்லை. வேண்டாம் என்றால் மனைவி முகம் சுருங்கும், ஏன் என்று கேட்டால் பரோட்டா வெளியே வரும். ஆகவே தின்றுவிடுகிறீர்கள். அவருக்கும் ஒரு நியாயம் உண்டு. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பதே பெரிய வாக்குறுதியாக இருந்த ஊர் இது. அந்தத் தலைமுறை வளர்த்த பிள்ளைகளுக்குச் சாப்பிடச் சொல்வதுதான் பாசத்தைக் காட்ட அறிந்த முதல் வழி. தட்டை மூடி வைத்துக் காத்திருக்கும் மனைவியிடம் தட்டு வேண்டாம் என்பது, நீ காத்திருந்தது வேண்டாம் என்பதுபோல் காதில் விழும். அதற்காகப் பொய் சொல்லித் தின்றால் அவருக்கு என்ன கிடைக்கிறது? தினமும் வேகவைத்த இட்லி யாருக்கும் தேவைப்படாத இட்லி.

இன்றைக்கே சொல்லிவிடுங்கள். "வரும்போது சாப்பிட்டுட்டேன், நீ பேசு, நான் உட்கார்ந்திருக்கேன்" என்றால் போதும். நாக்கு நீளம் என்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். அவர் வேடிக்கையாகத்தான் சொல்கிறார். நீங்கள் அதை எடுத்துக்கொண்டு போய்ப் படுக்கையில் உருப்போடுகிறீர்கள்.

இரண்டு எச்சரிக்கை. இப்போது சர்க்கரை மாத்திரை போடுவதாக நீங்கள் எழுதவில்லை. பின்னால் எழுதிக் கொடுத்தால், பகலில் சாப்பிடுவதில்லை என்பதை டாக்டரிடம் ஒளிக்காதீர்கள். சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்து கடையிலேயே மயங்கி விழுவீர்கள். அடுத்தது, ஒழுங்காக மூன்று வேளை சாப்பிட்ட பிறகும், வாரத்துக்கு ஒரு முறையாவது நிறுத்த முடியாமல் வேகவேகமாகத் தின்று, யாரும் பார்க்காமல் தின்று, அது மாதக்கணக்கில் நீடித்தால், அதற்குப் பெயரும் உண்டு, சிகிச்சையும் உண்டு. 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அது தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே போகலாம். போனால் பைத்தியம் என்று யாரும் முத்திரை குத்த மாட்டார்கள்.

அந்த ஆறாயிரம் ரூபாய் ஆள் உங்களிடம் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாரா? கேட்டிருந்தால் ஹிப்னாடிசத்துக்கு வேலை இருந்திருக்காது. பணம் இன்னும் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். கட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள்.