எந்த வருஷத்து அலி?

அன்புள்ள அண்ணனுக்கு,

பெருநாளுக்கு வளைகுடாவிலிருந்து எங்கள் காக்கா (மூத்த அண்ணன்) ஊருக்கு வந்திருக்கிறார். ராத்திரியெல்லாம் கடற்கரையில் ஒரே வாக்குவாதம். குத்துச்சண்டையில் உச்சத்தில் இருந்த முகமது அலியும் உச்சத்தில் இருந்த மைக் டைசனும் மோதினால், டைசன் மூன்று ரவுண்டுக்குள் கதையை முடித்துவிடுவார் என்று சாதிக்கிறார். நான் அலி பக்கம். ஆனால் காரணம் சொல்ல வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

- கீழக்கரை வாசகர்

அன்புள்ள தம்பி,

நானும் அலி பக்கம்தான். ஆனால் எந்த வருஷத்து அலி?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் வல்லம் (நாட்டுப்படகு) ஓட்டும் ஒருவரிடம் வடகடல் முரடா, தென்கடல் முரடா என்று கேட்டுப் பாருங்கள். எந்த மாதம் என்று திருப்பிக் கேட்பார். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் உங்கள் பக்கத்துத் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் அப்படியே மாறிவிடும். குத்துச்சண்டைக்காரர்களும் அப்படித்தான்.

பலர் மனதில் நிற்பது 1974இல் கின்ஷாசாவில் மேடைக் கயிற்றில் சாய்ந்து, அப்போதைய உலகச் சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மேனின் அடிகளை வாங்கி, எட்டாவது ரவுண்டில் அவரை வீழ்த்திய அலி. கால்வேகம் குறைந்துபோன பிறகு அவர் கண்டுபிடித்த வழி அது. உச்சம் என்றால் 1966 நவம்பர், ஹூஸ்டன். கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றே ரவுண்டில் முடித்தார். பின்னால் நகர்ந்துகொண்டே குத்துவார், குத்து வாங்கிய எதிராளி திருப்பி அடிக்கும்போது ஆள் அங்கே இருக்கமாட்டார். அந்த அலியின் கடைசிப் போட்டி 1967 மார்ச்சில். அடுத்த மாதம் ராணுவத்தில் சேர மறுத்தார், பட்டம் பறிபோனது. 1970 அக்டோபர் வரை ஒரு போட்டிகூட இல்லை. 25 வயதிலிருந்து 28 வரை! அந்த அலியை உலகம் பார்க்கவே இல்லை. நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

டைசனைக் குறைத்துச் சொல்லமாட்டேன். 20 வயதில் உலகப் பட்டம். 1988இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் சாய்த்தார். தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே நுழைந்து, விலாவில் ஒன்று, அதே கையால் தாடையில் ஒன்று. காக்காவிடம் இருக்கும் நல்ல வாதம், அலியைத் தோற்கடித்த ஜோ ஃபிரேசியர். அவரும் குனிந்து நெருங்கி வருபவர்தான். 1971இல் கடைசி ரவுண்டில் அவருடைய இடது ஹூக்தான் (கையை வளைத்துப் பக்கவாட்டில் விடும் குத்து) அலியைத் தரையில் தள்ளியது. டைசன் அவரைவிட வேகம். சரி, ஆனால் ஃபிரேசியர் நேரம் ஆக ஆகச் சூடேறுகிறவர். டைசனின் ஆபத்தெல்லாம் ஆரம்பத்தில்தான். அதுவும் ஃபிரேசியரிடம் தோற்றது, மூன்றரை வருஷம் மேடை ஏறாமல் திரும்பி வந்த அலி.

1990இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் டைசனை எப்படிப் பத்தாவது ரவுண்டில் சாய்த்தார்? நீளமான கையால் விடாமல் ஜாப் (முன்கையால் நேராக விடும் வேகக் குத்து), டைசன் நெருங்கினால் கட்டிப்பிடிப்பு. அன்றைக்கு டைசன் சரியாகத் தயாராகி வரவில்லை என்பது உண்மை. ஆனாலும் வழி இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அந்த இரண்டு வேலையிலும் டக்ளஸைவிடக் கெட்டிக்காரர் அலி.

என் கணக்கு இது: முதல் நான்கு ரவுண்டு அலிக்குக் கண்டம். ஒருமுறை விழவும் கூடும், 1963இல் ஹென்றி கூப்பரின் இடது ஹூக்கில் விழுந்தவர்தானே. ஆறுக்கு மேல் டைசனின் தலை ஆட்டம் நிற்கும், ஜாப் ஒவ்வொன்றும் முகத்தில் வந்து இறங்கும். பத்திலோ பதினொன்றிலோ நடுவர் நிறுத்திவிடுவார்.

காக்கா விமானம் ஏறுவதற்குள் வில்லியம்ஸ் போட்டியையும் டக்ளஸ் போட்டியையும் ஒரே ராத்திரியில் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். அப்புறமும் டைசன்தான் என்றால், அவர் காரணத்தை எனக்கு எழுதச் சொல்லுங்கள்.