இடதுசாய்வுக் கட்சிகள் காலத்துக்கேற்ப மாறினவா, கொள்கையை விற்றனவா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் அரசறிவியல் மாணவர் போலிருக்கிறது. பிரித்தானியத் தொழிற்கட்சி 1995இல் தன் கட்சி யாப்பின் நாலாம் பிரிவிலிருந்து உற்பத்திச் சாதனங்களின் பொது உடைமை என்ற இலக்கை எடுத்ததையும், ஜேர்மன் சமூக சனநாயகக் கட்சி 1959இலேயே மார்க்சியத்தைக் கைவிட்டதையும் வேறு யாராவது எழுதுவார்கள். நான் இலங்கையின் வன்னியில் இருக்கிற விசுவமடுக்காரன், எனக்குத் தெரிந்தது மிளகாய்.

ஐயா, படித்த இளைஞருக்கு அரசு காணி கொடுத்த 'படித்த வாலிபர் திட்டத்தில்' காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தவர். 1970இல் வந்த சிறிமாவோவின் சுதந்திரக் கட்சி அரசு, இடதுசாரிகளோடு சேர்ந்து, இறக்குமதியை இறுக்கிப் பிடிக்க, செத்தல் மிளகாய்க்கு அப்படியொரு விலை. கிணறு கட்டினது, தண்ணி இறைக்கிற மிசின் வாங்கினது, மாமிக்குக் கலியாணம் செய்து வைத்தது எல்லாம் அந்தக் காசில்தான். 1977இல் ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே.ஆர். ஜயவர்த்தனா இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டார், விலை படுத்துவிட்டது. (அதே சிறிமாவோதானே தமிழ் மாணவருக்குப் பல்கலைக்கழக வாசலை இறுக்கின தரப்படுத்தலைக் கொண்டு வந்தார் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சித்தப்பாவுக்கு மருத்துவபீடம் கைநழுவிப் போனது அதனால்தான், வீட்டில் அந்தக் கதையும் ஓடும்.)

1994இல் அதே கட்சி சந்திரிகாவோடு திரும்பி வந்து, திறந்த பொருளாதாரம் இருக்கட்டும், அதற்கு மனித முகம் கொடுப்போம் என்றது. ஐயா சாகும்வரை அதைத் துரோகம் என்றார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், பழையபடி எல்லாவற்றையும் அடைக்க அவர்களால் முடிந்திருக்காது. சந்தையை ஏற்றுக்கொண்டதில் எனக்குக் கோபமில்லை, அதற்குப் பிறகு இங்கே பாட்டாளி யார் என்று திரும்பிப் பார்க்காததில்தான் கோபம்.

இப்போது பாட்டாளி என் மச்சாள். விடியமுதல் கார்மெண்ட் பஸ், கிழமைக்கொருதரம் குழுக்கடன் கட்டுக்காசு. 2018இல் வறட்சி மாவட்டப் பெண்களின் நுண்கடனை அரசு தள்ளுபடி செய்தபோது ஒரு லட்சத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு இல்லை என்றார்கள், அவளுடையது அதற்கு மேலே. அந்த அரைகுறை உதவியைக்கூடச் செய்தது ஐக்கிய தேசியக் கட்சியின் நிதியமைச்சர், இடதுசாரி யாருமில்லை!

2024 பாராளுமன்றத் தேர்தலில், ஜே.வி.பி. தலைமையிலான இடதுசாரிக் கூட்டணியான தேசிய மக்கள் சக்திக்கு வன்னியில் 2 ஆசனம் கிடைத்தது, மச்சாளும் அதற்குத்தான் போட்டாள். முந்தின அரசு சர்வதேச நாணய நிதியத்தோடு (ஐஎம்எஃப்) செய்த கடன் உடன்பாட்டை அவர்களும் தொடர்ந்தார்கள். சரி, தொடரட்டும், கடன் கொடுத்தவன் படலையில் வந்து நின்று கத்துவதைத் தடுக்க ஒரு சட்டமாவது வரட்டும்.

அப்புறம், கேட்காத ஒன்று. ஒரு திணைக்களம் ஐயாவின் காணிக்குள் எல்லைக்கல் நட்டிருக்கிறது. காணிப் பெர்மிட் கொப்பியோடு போனால் ஒறிஜினல் எங்கே என்கிறார்கள். 2009இல் உயிரைக் கொண்டு ஓடினவர்களிடம் ஒறிஜினல் கேட்கிற அதிகாரியை எந்த ஆட்சியும் மாற்றக் காணோம்.