தூண்டில் பக்கம்: குளிர்நீரில் பாஸ் பிடிக்க

கோடையில் விடாமல் கொத்திய அதே ஏரி, அதே தூண்டில். நவம்பர் பிறந்ததும் ஒரு கொத்தல்கூட இல்லை. மீனெல்லாம் எங்கே போய்விடுகிறது?

ஏரியை விட்டு எங்கும் போகவில்லை. பசிதான் போய்விட்டது. பாஸ் வட அமெரிக்க நன்னீர் மீன், குளிர்ரத்தப் பிராணி. தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அதன் செரிமானம் மந்தமாகிறது. விழுங்கிய ஒரு சின்ன மீன் கரையவே நாள்கணக்காகும். அதனால் இரையைத் துரத்திப் போய்ப் பிடிக்க அதற்கு மனம் இருக்காது. ஆனால் வாய்க்கு அருகில் தள்ளாடி நிற்கும் இரையை லேசில் விடாது. கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்: தூண்டில் மீனின் கண்ணெதிரே எவ்வளவு நேரம் நிற்கிறது?

இடத்தைப் பொறுத்தவரை, தண்ணீருக்கு அடர்த்தி அதிகம் 4 டிகிரியில். அந்தத் தண்ணீர் அடியில் தங்கும், அதைவிடக் குளிர்ந்தது மேலே மிதக்கும். கடும் குளிரில் மேலே பனிக்கட்டி, அடியில் 4 டிகிரி என்று இருப்பது இதனால்தான். எனவே கரையோரம் சட்டென்று ஆழத்தில் இறங்கும் இடங்கள், நீர்த்தேக்கங்களில் பழைய ஆற்றுத்தடத்தின் வளைவுகள், நீருக்குள் நீளும் பாறை முனைகள், இங்கெல்லாம் தேடுங்கள். சிறுவாய் பாஸ் 20 முதல் 40 அடி ஆழத்தில் பாறையை ஒட்டிக் கூட்டமாகக் கிடக்கும். பெருவாய் பாஸ் இன்னும் பச்சையாக மிஞ்சியிருக்கும் நீர்ச்செடியை விடாமல் பற்றியிருக்கும். விடியற்காலைப் பழக்கத்தைக் குளிர்காலத்தில் கைவிடலாம். பகல் 12 முதல் 4 மணி வரை, அதுவும் தெற்கு வெயில் விழும் வடகரைப் பாறைகளில், ஒரு டிகிரி கூடினாலும் வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று. அமெரிக்காவின் வட மாநிலங்கள் சிலவற்றிலும் கனடாவின் சில பகுதிகளிலும் பாஸ் பிடிப்பதற்குப் பருவத்தடை உண்டு. போகும் முன் அந்த ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மோனோ, ஃப்ளூரோகார்பன், பிரெய்ட் என்று கடையில் மூன்று வகைத் தூண்டில் நூல் (லைன்) காட்டுகிறார்கள். குளிருக்கு எதை வாங்குவது? எத்தனை பவுண்டு தாங்குவது?

தூண்டில் எவ்வளவு வேகமாக இறங்கும், எங்கே நிற்கும், மீன் தொட்டது கைக்குத் தெரியுமா, இந்த மூன்றையும் முடிவு செய்வது லைன்தான். புதுப்புது லூர்களில் (செயற்கை இரைகளில்) காட்டும் அக்கறையில் பாதியை லைனில் காட்டினால் போதும்.

நைலான் தங்கூசி, அதாவது மோனோ, நீரை உறிஞ்சும், நன்றாக இழுபடும். 30 அடி ஆழத்தில் மீன் லேசாக வாய் வைத்தால் அந்தச் செய்தி லைனின் இழுவையிலேயே கரைந்துபோகும். குளிரில் ரீலின் சுருள் வடிவம் அப்படியே உறைந்து, ஸ்பிரிங் மாதிரி வளையம் வளையமாக வெளியே வரும். இதில் பெரிய நஷ்டம் எது தெரியுமா? மீன் இரையை எடுத்து ஒரு சாண் நகர்ந்தால் அந்த வளையம்தான் நிமிரும், ராடுக்கு (தூண்டில் கோலுக்கு) ஒன்றும் வந்து சேராது. "கொத்தவே இல்லை" என்று நினைக்கும் நாள்களில் பாதி கொத்தல்கள் இப்படித் தெரியாமல் போனவை.

பிரெய்ட், அதாவது பின்னல் நூல், இழுபடாது, மெல்லிய தொடுதலும் கைக்கு வரும். ஆனால் அது தண்ணீரைவிட லேசு, மிதக்கும். காற்றடித்தால் மேற்பரப்பில் வில் போல வளைந்து தூண்டிலை இழுத்துப் போகும். நூலிழைகளுக்கு நடுவே நீரைப் பிடித்துவைப்பதால், காற்று பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும்போது முதலில் உறைவதும் இதுதான்.

ஃப்ளூரோகார்பனின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறக்குறைய 1.78 மடங்கு. தானாக மூழ்கும், நீரை உறிஞ்சாது, நீருக்குள் கண்ணுக்குத் தெரிவதும் குறைவு. குளிர்நீருக்கு நம் ஓட்டு இதற்கே. விறைப்புதான் இதன் குறை. ஸ்பின்னிங் ரீலில் (வீசும்போது உருளை சுழலாத வகை) 8 பவுண்டுக்கு மேல் போட்டால் ஸ்பூல் எனும் அந்த உருளையிலிருந்து துள்ளி வந்து சிக்கும்.

கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். காற்று பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் ஸ்பின்னிங் ரீலில் 10 பவுண்டு பிரெய்ட், அதன் முனையில் 6 அல்லது 8 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடர் (முனைத்துண்டு) எட்டு அடி. பூஜ்யத்துக்குக் கீழே என்றால் பிரெய்டை வீட்டில் வைத்துவிட்டு முழுக்க 6 பவுண்டு ஃப்ளூரோகார்பன். பெய்ட்காஸ்டர் ரீலில் (உருளையே சுழலும் வகை) ஜெர்க்பெய்ட்டுக்கு, அதாவது சுண்டி ஆட்டும் மீன்வடிவ லூருக்கு, 8 முதல் 10 பவுண்டு, அடியில் இழுக்கும் ஜிக்குக்கு (தலையில் எடை வைத்த முள்) 10 முதல் 12.

ஸ்பூலை விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே வரை மட்டும் நிரப்புங்கள். கிளம்பும் முன் ஸ்பூலைக் கழற்றிக் கை பொறுக்கும் வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு எடுங்கள். ஏரிக்கரையில் நுனியை ஒரு மரத்தில் கட்டி, ஒரு வீச்சு தூரம் லைனை விட்டு, பதினைந்து விநாடி நிதானமாக இழுத்துப் பிடித்தால் சுருள் பெரும்பாலும் போய்விடும். வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஃப்ளூரோகார்பன் ஒருமுறை அளவு மீறி இழுபட்டால் பழையபடி சுருங்காது, அந்த இடம் பலவீனமாகவே இருக்கும்.

முடிச்சு அறுந்துபோவதாக எழுதுகிறவர்களுக்கும் இங்கேயே பதில். ஃப்ளூரோகார்பனை உலர்ந்தபடி இறுக்கினால் உரசும் சூட்டிலேயே அது வெந்துவிடும். நனைத்து, மெதுவாக இறுக்குங்கள். பாலோமர் முடிச்சில் இரண்டு இழையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் ஒன்று மற்றதை அறுக்கும். முடிச்சுக்கு மேல் ஒரு அங்குலம் சுருண்டு வெளுத்திருந்தால் தயங்காமல் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

ராடு வளையங்களில் பனிக்கட்டி அடைத்துக்கொள்கிறது. விரலால் உடைத்தபோது ஒரு வளையத்தின் உள்பூச்சே கழன்று வந்துவிட்டது. என்ன செய்ய?

கழன்றது பூச்சு அல்ல, பீங்கான் வளையம். அது போனால் உலோக விளிம்பு லைனை அறுக்கும், வளையத்தையே மாற்ற வேண்டியதுதான். இனிமேல் விரலால் உடைக்க வேண்டாம். ராடின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு ஐந்தாறு விநாடி வைத்திருங்கள், நீர் காற்றைவிடச் சூடாக இருப்பதால் தானாகக் கரையும். கிளம்பும் முன் வளையங்களில் சிலிக்கோன் ஸ்பிரே அல்லது உதட்டுக்குத் தடவும் பாம் பூசினால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், பிறகு மறுபடி பூச வேண்டும்.

ரீலையும் கவனியுங்கள். கெட்டி கிரீஸ் குளிரில் இறுகிவிடும், மீன் இழுத்தால் லைனை விட்டுக்கொடுக்கும் டிராக் முதலில் பிடித்துக்கொண்டு அப்புறம் திடீரென்று விடும். 6 பவுண்டு லைன் அறுவது அந்த ஒரு கணத்தில்தான். பேரிங்குகளுக்கு மெல்லிய எண்ணெய் போதும். டிராக்கை லைன் பலத்தில் நான்கில் ஒரு பங்குக்கு வைத்து, அவ்வப்போது கையால் ஓரடி லைனை இழுத்துப் பாருங்கள்.

நீருக்குள் அப்படியே நிற்கும் என்று சொல்லித்தான் ஜெர்க்பெய்ட் வாங்கினேன். கோடையில் நின்றது, இப்போது மேலே ஏறுகிறது. பழுதா?

பழுதில்லை. குளிர்ந்த நீர் அடர்த்தி கூடியது, அதே லூரை மேலே தள்ளுகிறது. 20 டிகிரியில் சரியாக நின்ற 15 கிராம் லூர் 5 டிகிரி நீரில் நிற்க ஏறத்தாழ 0.03 கிராம் கூட்ட வேண்டும். ஓர் அரிசியின் எடை, அவ்வளவுதான். அதற்காக முள்ளை ஒரே தாவலில் இரண்டு அளவு பெரிதாக்குகிறவர்கள் கல்லைக் கட்டிவிட்டது போல லூரை மூழ்கடித்துவிடுகிறார்கள்.

வீட்டு வாளியில் சரிபார்த்துப் பயனில்லை, ஏரி நீரில்தான் செய்ய வேண்டும். அன்றைக்குப் போடப்போகும் லைன், கொக்கி எல்லாம் மாட்டிய நிலையில் லூரைப் படகோரம் ஒரு முழ ஆழத்துக்கு இழுத்து நிறுத்துங்கள். ஏறினால் மெல்லிய ஈயக்கம்பியை முன்முள்ளின் தண்டில் இரண்டு சுற்று சுற்றி மறுபடி பாருங்கள். மூக்கு சற்றே தாழ்ந்து, ஐந்து விநாடியில் ஒரு விரல் அகலத்துக்கு மேல் நகராமல் நின்றால் போதும். கம்பியை எப்போதும் முன்பக்கமே சுற்றுங்கள். பின்முள்ளில் சுற்றினால் வால் தொங்கும், சுண்டும்போது லூர் பக்கவாட்டில் பாயாது. நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநிலங்களில் ஈயத் தூண்டில் எடைகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, அங்கே தகரக் கம்பி பாதுகாப்பு.

ஆட்டும் விதம்: இரண்டு சுண்டு, பிறகு நிறுத்தம். 10 டிகிரியில் ஐந்து விநாடி, 7 டிகிரியில் பத்துப் பதினைந்து, 5 டிகிரிக்கு வந்துவிட்டால் இருபது முப்பது விநாடி. முப்பது விநாடியை வாய்விட்டு எண்ணிப் பாருங்கள், எவ்வளவு நீளம் என்று புரியும். மனசுக்குள் எண்ணுகிறவர்கள் பன்னிரண்டிலேயே சுண்டிவிடுவார்கள். தென் மாநில நீர்த்தேக்கங்களில் ஷாட் எனும் சிறுமீன்கள் குளிர் தாங்காமல் இப்படித்தான் துடித்து, நின்று, மறுபடி துடித்துச் சாகின்றன. பாஸுக்கு அந்த அசைவு நன்றாகப் பழகியது.

பிளேடு பெய்ட் (உலோகத் தகட்டு லூர்) வீசினால் மூன்றில் ஒரு தடவை முள் லைனிலேயே மாட்டிக்கொண்டு பின்பக்கமாக வருகிறது.

ராடை மிக வேகமாகத் தாழ்த்துகிறீர்கள். லைன் தளர்ந்து, இறங்கும் தகட்டின் பின்முள்ளில் விழுகிறது. 10 கிராம் அளவு எடுத்து, அடியைத் தொட விடுங்கள். ராடை ஒரு சாண் மட்டும் உயர்த்துங்கள். கைக்குள் 'கிர்ர்' என்று இரண்டு மூன்று துடிப்பு வந்ததும் நிறுத்திவிட்டு, தகடு இறங்கும் வேகத்துக்கே ராடு நுனியும் இறங்க வேண்டும். லைன் இழுபடவும் கூடாது, தொங்கவும் கூடாது. மீன் எடுப்பது பெரும்பாலும் இந்த இறக்கத்தில். அடியில் மூன்று விநாடி விட்டு அடுத்த தூக்கல். துடிப்பு வராத தூக்கல் என்றால் முள் சிக்கியிருக்கிறது, உடனே சுற்றியெடுங்கள். லைனை நேரடியாகத் தகட்டின் ஓட்டையில் கட்டாதீர்கள், விளிம்பு கத்தி மாதிரி. ஸ்னாப் எனும் சிறிய கொக்கியைப் போடுங்கள்.

தக்கை கட்டி பாஸ் பிடிக்கிறார்களாமே, உண்மையா?

உண்மைதான். டென்னசி, கென்டகி பக்கத்து ஆழமான தெளிநீர் ஏரிகளில் சிறுவாய் பாஸுக்குக் குளிர்காலத்தில் பேர்போன முறை அது. 1955-ல் பிடிபட்ட உலக சாதனை சிறுவாய் பாஸ் வந்த டேல் ஹாலோ ஏரியும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது (அந்த மீன் கிடைத்தது ஜூலையில், தக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை). 2 கிராம் அளவில் இறகோ மென்முடியோ கட்டிய ஜிக், அதற்கு மேலே 10 முதல் 12 அடியில் தக்கை. கீழே 4 அல்லது 6 பவுண்டு ஃப்ளூரோகார்பன். அவ்வளவு நீளத்தைத் தொங்கவிட்டு வீச ஒன்பது அடி ராடாவது வேண்டும். தக்கையை இழுக்காதீர்கள், இருந்த இடத்திலேயே நடுங்கினால் போதும். சிற்றலை இருந்தால் அதுவே ஆட்டிவிடும். தக்கை மூழ்கினால் சுண்டத் தெரியும். ஆனால் தக்கை சாய்ந்து படுத்தாலும் சுண்டுங்கள். ஜிக் அடியில் தட்டியிருக்கலாம், அல்லது மீன் அதை வாயில் வைத்து மேலே எழும்பியிருக்கலாம். இரண்டாவதாக இருந்து விட்டுவிட்டால் வருத்தம்.

கொத்தலே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

'டொக்' என்ற அடிக்காகக் காத்திருக்காதீர்கள். குளிரில் ஈர இலை ஒட்டிக்கொண்டது போல ஒரு கனம், அல்லது லைனில் இருந்த கனம் திடீரென்று இல்லாமல் போவது, அல்லது 20 எண்ணும்போது அடியைத் தொட வேண்டிய ஜிக் 14-லேயே நின்றுவிடுவது, இவைதான் அறிகுறி. லைன் தண்ணீரைத் தொடும் இடத்தில் கண் இருக்கட்டும். சந்தேகம் வந்ததும் தளர்ச்சியைச் சுற்றியெடுத்து, ராடைப் பக்கவாட்டில் சீராக வளையுங்கள். மேல்நோக்கி ஓங்கி இழுத்தால் 6 பவுண்டு லைன் அறும், அல்லது உதட்டோரம் லேசாகப் பட்ட முள் கிழித்துக்கொண்டு வரும். அதற்கேற்ப முள் மெல்லியதாகவும் கூராகவும் இருக்க வேண்டும். நகத்தில் வைத்தால் வழுக்காமல் குத்தி நிற்க வேண்டும்.

40 அடியிலிருந்து பிடித்துத் திரும்ப விட்ட மீன் மல்லாந்து மிதக்கிறது. மெதுவாகச் சுற்றினால் சரியாகுமா?

ஆகாது. ஆழத்து அழுத்தம் குறைந்ததும் காற்றுப்பை உப்பிவிடுகிறது. மீன் அதைச் சரிசெய்துகொள்ள மணிக்கணக்கில் வேண்டும், உங்கள் ரீலின் ஒரு நிமிட நிதானம் எதற்கும் போதாது. கனம் தொங்கவிட்ட கவ்வியில் தாடையை மாட்டி, பிடித்த ஆழத்துக்கே இறக்கி விடுவது நல்லது. ஊசி குத்திக் காற்றெடுப்பது பழகினவர் கைக்கு மட்டும், இடம் தவறினால் உறுப்பைக் கிழிக்கும். திரும்ப விடும் எண்ணம் இருந்தால் 30 அடிக்கு மேல் ஆழமான மீனைத் தொடாமல் விடுங்கள். உறைகுளிரில் படமெடுக்க மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டும் நிற்காதீர்கள், செவுள் உறையும்.

கையுறை போட்டால் முடிச்சுப் போட முடியவில்லை. கழற்றினால் விரல் மரத்துப்போகிறது.

ஏரியில் முடிச்சுப் போடும் வேலையையே குறையுங்கள். வீட்டில் லீடரோடு கட்டிய நான்கு ராடுகள், அல்லது அட்டையில் சுற்றிய ஆறு லீடர்கள், முனையில் ஸ்னாப். கட்டை விரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் நுனி திறந்த கையுறை. மீனைத் தொட ஒரு துண்டு, கையைத் துடைக்க வேறொரு துண்டு. படகென்றால் உயிர்காப்பு ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் வைக்காமல் உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள். 5 டிகிரி நீரில் விழுந்தால் பத்து நிமிடத்துக்குள் விரல் மடங்காது, அதற்கப்புறம் ஜாக்கெட்டின் கொக்கியை மாட்டவும் முடியாது.